கோழிக்குஞ்சுக் கட்சி

கிரிசாந்தோ அண்ணனின் சவப்பெட்டி மேல் விட்டிருந்த கோழிக்குஞ்சைக் கொன்றது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஒலிபெருக்கியை இறக்கி வைக்க இடம் தேடினேன். வீட்டில் இருந்த நாற்காலியெல்லாம் சீட்டாடுகிறவர்களுக்கு அடியில் இருந்தது. பெட்டியின் கால்மாட்டுப் பக்கம் அகலமாக, தட்டையாக, சும்மா கிடந்தது. அங்கே வைத்தேன். அடியில் தக்காளி நசுங்கியது போல ஒரு சத்தம் கேட்டது.

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மந்திரத்தில் நின்றார்கள். சீட்டாடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். சாவு வீட்டில் அது சாதாரணமாக நடக்காத காரியம்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் கொலையாகிச் செத்தால், பெட்டியின் கண்ணாடி மேல் உயிருள்ள கோழிக்குஞ்சு ஒன்றை விட்டு அரிசி தூவி வைப்பார்கள். அது கொத்துகிற ஒவ்வொரு கொத்தும் கொன்றவனின் மனசாட்சியில் போய் விழும். போலீஸ்காரர் மேயருக்கு மச்சான், நீதிபதி மேயருக்குச் சம்பந்தி என்று ஆகிவிட்ட ஊரில், எங்களுக்கு மிச்சமிருந்த நீதிமன்றம் அந்தக் குஞ்சு ஒன்றுதான். கால்மாட்டுப் பக்கம் நடந்து வந்த அதன் மேல்தான் நான் ஒலிபெருக்கியை வைத்தேன்.

அண்ணனின் மனைவி சல்வாசியோன் அக்கா எழுந்து வந்தாள். ஒலிபெருக்கியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதாதா, தேர்யோ?"

"அக்கா, நான் பாக்கல."

"நீ என்னைக்குப் பாத்திருக்க? ஒனக்கு வாய் மட்டும்தானே வச்சிருக்கான் கடவுள்."

உண்மைதான். என் தொழிலே வாய்தான். ஜீப்பின் தலையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் சுற்றி, திருவிழா, சாவு, காணாமல் போன பன்றி எல்லாவற்றையும் ஒரே குரலில் அறிவிக்கிறவன் நான். என் மகளின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர் கிரிசாந்தோ அண்ணன். அவள் ஞானத்தகப்பன். எங்கள் ஊரில் அந்த உறவு ரத்த உறவைவிடக் கொஞ்சம் தடிப்பு. அவர் புகையிலை விவசாயிகள் சங்கத் தலைவர். சர்வாதிகாரி மணிலாவை விட்டு ஓடிப்போன பிறகு வந்த முதல் உள்ளூர்த் தேர்தலில், மேயர் தும்பகாவை எதிர்த்து நிற்கப்போவதாக அவர் பெயர் கொடுத்தார். பெயர் கொடுத்த வாரத்திலேயே, புகையிலை எடைபோடும் இடத்தில், பட்டப்பகலில், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவர் முகத்தில் சுட்டார்கள். தராசுத் தட்டில் விழுந்தார். அவர் எடைக்குத் தராசு முள் ஆடி ஆடி நின்றதைப் பார்த்தவர்கள் ஒரு சந்தை அளவுக்கு இருந்தார்கள்.

போலீஸ் வந்து விசாரித்தது. "யார் செஞ்சது?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவரும் உதட்டைக் குவித்து மேயர் வீட்டுப் பக்கம் நீட்டினார்கள். நாங்கள் கையால் சுட்டுகிற ஜாதி இல்லை. வழி கேட்டாலும் சோறு கேட்டாலும் உதட்டால்தான் காட்டுவோம். போலீஸ்காரர் எல்லா உதட்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, யாரும் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

இந்த நிலையில்தான் நான் குஞ்சைக் கொன்றேன்.

மறுநாள் காலையில் ஒரு விவசாயி தொப்பிக்குள் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு வந்தான். "தேர்யோ கொன்னுட்டானாமே" என்றான். அதை விட்டோம். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி பாவாடை மடியில் இரண்டைக் கொண்டுவந்தாள். பிறகு அட்டைப்பெட்டியில், கூடையில், சட்டைப் பையில். மத்தியானத்துக்குள் பெட்டி மேல் இடம் இல்லாமல் தரையில் விட்டோம். தரையிலும் இடம் இல்லாமல் முற்றம் முழுக்க மஞ்சள் மஞ்சளாக ஓடியது. மேயர் பெயரை வாயால் சொல்லப் பயந்த ஊர், அதைக் கோழிக்குஞ்சாகக் கொண்டுவந்து இறக்கியது.

போலீஸ்காரர் திரும்பி வந்தார். "என்ன இது, பண்ணை வைக்கிறீங்களா?"

"சாவு வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுல்ல, சார்" என்றாள் ஒரு கிழவி. அவர் காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்து வெளியே போனார். ஒன்றை மிதித்திருந்தால் அவரைக் கொன்றிருப்பார்கள். என்னை ஏன் கொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஜன்னல் பக்கம் நின்று வக்கீல் கிந்தாரா நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார். மாகாணத் தலைநகரில் தொழில் செய்கிறவர். இரண்டு பழைய கட்சியில் இருந்து இரண்டிலும் சீட்டு கிடைக்காமல் வந்தவர்.

"தேர்யோ, வெளிய என்ன தெரியுது?"

"கோழிக்குஞ்சு, வக்கீலய்யா."

"அதான் நீ ஜீப் ஓட்டுற. அது கட்சிடா."

இப்படித்தான் எங்கள் கட்சி பிறந்தது. பெரிய பெயர் ஒன்றை வக்கீல் பதிவு செய்தார்; மக்கள், ஒற்றுமை, முன்னணி எல்லாம் அதில் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. கோழிக்குஞ்சுக் கட்சி என்றே நிலைத்தது. சர்வாதிகாரியை விரட்டியவர்களின் நிறம் மஞ்சள், அந்த வருடம் மணிலாவிலேயே அதுதான் ஓடுகிற நிறம் என்பதால் வக்கீலுக்கு இரட்டைச் சந்தோஷம். செத்தவர் இடத்தில் அதே குடும்பப் பெயர் உள்ளவர் நிற்கலாம் என்பது சட்டம். சல்வா அக்கா நின்றாள்.

அடக்கத்தன்று கல்லறையில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

"எம் புருஷனைக் கொன்னவனை ஜெயில்ல போடுறதுக்குத்தான் இந்தக் கட்சி. வேற எதுக்கும் இல்ல."

கட்சியின் கொள்கை விளக்கம் அவ்வளவுதான். நான் அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரைக்கும் போனேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். எனக்கு அது மனப்பாடமான செபம் போல ஆகிவிட்டது.

பதில் சீக்கிரமே வந்தது. ஒரு காலையில் அக்கா வீட்டு வேலி முழுக்க, துணி காயப்போட்ட மாதிரி, கழுத்து திருகின குஞ்சுகள் தொங்கின. அடுத்த வாரம் சங்கத்தின் புகையிலைக் கிடங்கை எரித்தார்கள். உள்ளே காவல்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். காய்ந்த புகையிலை எப்படி எரியும் என்பது எங்களுக்குத் தெரியும், எரித்தவர்களுக்கும் தெரியும். ஊர் முழுக்கச் சுருட்டு வாசனை அடித்தது. அன்றிலிருந்து நான் சுருட்டு பிடிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் அம்போ வந்தான். ராணுவத்திலிருந்து துரத்தப்பட்டவன். வாய் பேசாதவன் என்று நினைத்தேன். பேசத் தெரிந்தும் பேசாதவன். வக்கீல் அவனைக் கூட்டிவந்து, "பாதுகாப்புக் குழு" என்றார். அம்போவோடு ஆறேழு பேர். நீளமான கோணிப் பைகள். பைக்குள் என்ன என்று நான் கேட்டேன்.

"கிதார்" என்றான் அம்போ.

"இத்தனை பேரும் வாசிப்பீங்களா?"

"கேக்குறவன் இருந்தா வாசிப்போம்."

சந்தைத் திடலில் பிரசாரக் கூட்டம். நான் மேடையில் ஒரு நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தேன். மேயரின் சேவலும் மேயரும் ஒன்றாகக் கண்ணாடி பார்த்த கதை. கூட்டம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே கையெறி குண்டு ஒன்று மேடைக்குக் கீழே உருண்டு வந்தது. நான் குனிந்து பார்த்தேன். தேங்காய் என்று நினைத்தேன். இல்லை என்று தெரிந்து திரும்பி ஓடியபோது வெடித்தது.

புகையிலை கோர்க்கிற இரண்டு பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அடையாளம் சொல்ல அவர்களின் செருப்புதான் உதவியது. ஒருத்தியின் கை வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடித்தபடியே கிடந்தது. அந்தக் கையை அவள் மகன் தூக்கிக்கொண்டு, மீதியைத் தேடிக்கொண்டு, திடலில் சுற்றிச் சுற்றி வந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

எனக்கு இரும்புத் துண்டுகள் ஏறின. ஏறிய இடம், உட்காருகிற இடம். "கட்சிக்காக ரத்தம் சிந்திய முதல் தொண்டன்" என்று வக்கீல் அடுத்த ஊர்க் கூட்டத்தில் என்னைக் காட்டினார். எந்த இடத்து ரத்தம் என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்ததை வீரம் என்று நினைத்து மக்கள் கை தட்டினார்கள்.

அந்த வாரமே, குண்டு போட்டவன் என்று சொல்லப்பட்ட ஒருவனை ஆற்று மணலில் கழுத்தளவு புதைத்து வைத்திருந்தார்கள். தலை மட்டும் வெளியே. தலையும் முழுசாக இல்லை. நான் அக்காவிடம் போனேன்.

"அக்கா, அது நம்ம ஆளுங்களா?"

"கால் எப்படி இருக்கு, தேர்யோ?"

"கால் இல்லக்கா, அடிபட்டது."

"எதுவோ. படுத்து ரெஸ்ட் எடு."

தேர்தலில் ஜெயித்தோம். வாக்குப்பெட்டி வந்த வழியில் நான்கு பேர் செத்தார்கள். இரண்டு பேர் எங்கள் பக்கம், இரண்டு பேர் அவர்கள் பக்கம். சமம் என்று வக்கீல் சொன்னார். வெற்றிக்கு அடுத்த வாரம் தும்பகாவின் கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக வந்து கையைத் தூக்கிச் சத்தியம் செய்து மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டார்கள். கிடங்கு எரிந்தபோது வேடிக்கை பார்த்துச் சிரித்தவன் என்று எனக்குத் தெரிந்த ஒருவனுக்கு நானே சட்டை எடுத்துக் கொடுத்தேன். "கொஞ்சம் பெருசா இருந்தா குடு, தம்பி" என்றான்.

கட்சி வளர்ந்தது. பக்கத்து ஊர்கள் சேர்ந்தன. கொடி வந்தது, பாட்டு வந்தது, தலைநகரில் அலுவலகம் வந்தது. வராதது ஒன்றுதான். எடைபோடும் இடத்தில் சுட்டவர்களைப் பார்த்ததாகச் சாட்சி சொல்ல ஒருவன் முன்வந்தான். அவனை மூங்கில் பாலத்துக்குக் கீழே வாயில் மண் திணித்தபடி கண்டெடுத்தோம். பிறகு யாரும் முன்வரவில்லை. நான் வக்கீலைக் கேட்டேன்.

"சட்டம் கண்டிப்பா நடக்கும், தேர்யோ. ஆனா அதுக்குக் கால்ல ஆணி."

அக்காவைக் கேட்டேன். கிறிஸ்துமஸில் கேட்டேன், ஈஸ்டரில் கேட்டேன், அண்ணனின் நினைவுப் பூசை முடிந்து ஒவ்வொரு வருடமும் கேட்டேன்.

"பாக்கலாம், தேர்யோ."

எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். ஆனால் எனக்குப் பதிலைப் புரிந்துகொள்கிற புத்தி குறைவு. நம்பிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஜுன்ஜுன் விஷயத்துக்கு வருகிறேன். தும்பகாவின் ஒரே மகன். அப்பன் பெயரையே வைத்ததால் ஜூனியர், அது செல்லமாக ஜுன்ஜுன். அப்பனுடைய தொழில் எதுவும் அவனுக்கு ஒட்டவில்லை. கூடைப்பந்து ஆடுவான், ஆடிய நேரம் போக மிச்சத்தில் என் ஜீப் பின்னால் நின்று நான் சொல்கிற நகைச்சுவைக்குச் சிரிப்பான். எதிர்க்கட்சிக்காரன் மகன் சிரித்தால் அதுதான் நல்ல நகைச்சுவை. "அண்ணே, அந்தச் சேவல் கதைய இன்னொரு தடவை சொல்லுங்க. எங்கப்பா இல்லாத நேரமாச் சொல்லுங்க" என்பான்.

அடுத்த தேர்தலுக்கு அவன் பெயரைக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒரு ஞாயிறு, சேவல் சண்டைக் களத்தில், எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தான். களத்தில் ஒரு சேவல் மற்றதன் கழுத்தை வெட்டியிருந்தது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அந்தக் கத்தலுக்குள் மூன்று முறை பட்டாசு போலக் கேட்டது. கூட்டம் உட்கார்ந்தபோது ஜுன்ஜுன் மட்டும் உட்காரவில்லை, சரிந்து கொண்டிருந்தான். நான் பிடித்தேன். தொண்டையில் ஒரு ஓட்டை. அதில் விரலை வைத்து அடைத்தேன். இன்னொரு ஓட்டை இருந்தது எனக்குத் தெரியவில்லை. அவன் ஏதோ சொல்ல வந்தான். சொல் வர வேண்டிய இடத்தில் என் விரல் இருந்தது. விரலை எடுத்தால் ரத்தம், எடுக்காவிட்டால் பேச்சில்லை. நான் எடுக்கவில்லை. அவன் என் மடியில் கால் உதறி அடங்கினான். என் சட்டையில் சேவல் ரத்தமும் அவன் ரத்தமும் கலந்து காய்ந்தன.

நேராக அக்காவிடம் போனேன். சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அக்கா. நம்ம ஆளுங்களா?"

அவள் என் சட்டையைப் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்க இல்லன்னு மைக்ல சொல்லிட்டு வா, தேர்யோ."

சொன்னேன். எங்கள் கட்சியின் கை சுத்தம் என்று எல்லாத் தெருவிலும் சொன்னேன். அவள் வாயிலிருந்து வந்ததால் பதில் என்றே எடுத்துக்கொண்டேன். அது பதில் இல்லை, வேலை என்று எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது.

துக்கத்துக்குத் தும்பகா வீட்டுக்குப் போனேன். எங்கள் கட்சியிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். ஜுன்ஜுனின் பெட்டி மேலும் ஒரு குஞ்சு நின்று கொத்திக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நான்கு பேர் எழுந்து பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஜுன்ஜுனின் அம்மா அவர்களை விலக்கிவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"நீ பிடிச்சிருந்தியாமே."

"ஆமாம்மா."

"உங்க ஆளுங்களா, தேர்யோ? நீ சொன்னா நம்புவேன். நீ கோமாளி, உனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல."

"இல்லம்மா" என்றேன். "கிரிசாந்தோ அண்ணன் மேல ஆணையா இல்ல."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையைத்தான் நான் அவள் மகன் தொண்டையில் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய், இறங்கியது. தூக்கம்தான் வரவில்லை. செத்தவர் மேல் ஆணையிட்டு, பிள்ளை செத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன். அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது. அம்போவைக் கேட்டேன். கோணிப் பையைத் தட்டிக் காட்டி, "பாட்டு கேக்கணுமா?" என்றான். வக்கீலைக் கேட்டேன். தோளில் தட்டி, "உன் குரலுக்குத் தேன் குடி" என்றார்.

இப்படியே இருக்கும்போது மாகாண ஆளுநர் தேர்தல் வந்தது. அக்கா ஆளுநருக்கு நிற்கிறாள். மாகாணத்தின் தெற்கு ஊர்களெல்லாம் தும்பகாவின் கையில். ஒரு நாள் வக்கீல் என் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, சனிக்கிழமை கூடைப்பந்துத் திடலில் கூட்டம், தும்பகா நம் கட்சியில் சேர்ந்து சத்தியம் செய்கிறார், நீ அழைத்துப் பேசு என்றார். நான் பிரேக்கை மிதித்தேன். வக்கீலின் மூக்கு ஜீப்பின் முன்கண்ணாடியில் இடித்தது. அதை விபத்து என்று நம்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம். திடல் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிய மறைப்பில் தும்பகா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சட்டை. மார்பில் எங்கள் குஞ்சு. கையில் அரிசிப் பணியாரம். ஆள் பாதியாகியிருந்தார்; சட்டைக்குள் வேறு யாரோ இருப்பது போல இருந்தது.

"என்னடா கோமாளி, உன் பின்பக்கம் எப்படி இருக்கு?"

"மழைக்கு வலிக்குது, மேயர்."

"ம்." பணியாரத்தைப் பார்த்தார். "எனக்கும் மழைக்கு வலிக்குது."

எங்கே என்று அவர் சொல்லவில்லை. கிரிசாந்தோ அண்ணனைக் கொன்றவர். பதினைந்து வார்த்தை திட்டு தயாராக வைத்திருந்தேன். அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அக்கா உள்ளே வந்தாள். பின்னால் வக்கீல், அவருக்குப் பின்னால் அம்போ. வக்கீல் மைக்கை என் கையில் திணித்தார்.

"போ, தேர்யோ. கூட்டம் சூடா இருக்கு."

நான் மைக்கைத் தரையில் வைத்தேன். இந்த முறை கீழே எதுவும் இல்லை என்று பார்த்துத்தான் வைத்தேன்.

"எனக்குப் பதில் வேணும்க்கா. அப்புறம்தான் ஏறுவேன்."

"இப்பவா?" என்றார் வக்கீல். "ஜோக்கு மேடையில சொல்லுடா."

அம்போ ஓரடி முன்னால் வந்தான். நான் மேடைப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"கல்லறையில நீங்க பேசுனப்ப மைக்கைப் பிடிச்சிருந்தது நான். ஜுன்ஜுன் அம்மாகிட்ட ஆணை வச்சுச் சொன்னதும் நான். எல்லாத்தையும் உங்க வாயா இருந்து நான்தான் சொன்னேன். நான் சொன்னதுல எது நிஜம்னு எனக்குச் சொல்லுங்க. அது தெரியாம இந்த ஆளை என்னால கூப்பிட முடியாது. சுடச் சொல்லுங்க, பரவாயில்ல. முன்பக்கமா சுடச் சொல்லுங்க, பின்னால இடமில்ல."

தும்பகா மெல்லுவதை நிறுத்தினார். வெளியே கூட்டம் கட்சிப் பாட்டைப் பாட ஆரம்பித்தது.

அக்கா கையை உயர்த்தினாள். அம்போ நின்றான். வக்கீலைப் பார்த்து உதட்டால் வெளியைக் காட்டினாள்; வக்கீலும் அம்போவும் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே போனார்கள். தும்பகா எழுந்திருக்கவில்லை. அவரை அவள் போகச் சொல்லவும் இல்லை.

"இவரை ஜெயில்ல போடப் போறீங்களா, இல்லையா?" என்றேன்.

"இல்ல" என்றாள் அக்கா.

எத்தனையோ வருடமாகக் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு சொல் வந்து விழுந்ததும் எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்காரவில்லை.

"ஏன்க்கா?"

அவள் தும்பகாவைப் பார்த்தபடியே சொன்னாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"இவன் ஆள் அனுப்பி எம் புருஷனைச் சுட்டான். நான் அம்போவ அனுப்பி இவன் புள்ளையச் சுட்டேன். இவன் உள்ள போனா, பக்கத்து அறைக்கு நானும் போகணும். அது இவனுக்கும் தெரியும். இவன் பொண்டாட்டிகிட்ட நீ சொன்னது பொய், தேர்யோ. நான்தான் சொல்ல வச்சேன்."